வெர்னா வீட்டு ஃபர்னஸ் பற்றாத நாள்

வெர்னா லாத்தி, ஹிப்பிங் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியே தலை நரைத்தவள். எத்தனை பனிப்புயலில் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்த்திருப்பாள்! ஆனால் சொந்த வீட்டு நிலவறை மட்டும் அவளுக்குப் பழக்கமில்லாத இடம். இரும்புச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்த கணவன் ஓரின், "கீழ உனக்கென்ன வேலை, நான் பாத்துக்கறேன்" என்றே காலத்தை ஓட்டிவிட்டான். இப்போது அவனுக்குத் தன் சட்டைப் பொத்தானைப் போடவே யோசிக்க வேண்டியிருந்தது. மகள் கார்லா ஃபார்கோவிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "அப்பா நல்லாத்தான் இருக்காரு" என்று வெர்னா சொல்லிவிடுவாள்.

அந்த ஜனவரிக் காலையில் வீடு ஐஸ்பெட்டியாகக் கிடந்தது. ஓரின் கோட்டும் தொப்பியுமாகச் சமையலறையில் உட்கார்ந்திருந்தான்.

வெர்னா கீழே இறங்கிப் போனாள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே சின்ன விசிறி உறுமும், ஓயும், மறுபடி உறுமும். தீ மட்டும் பற்றவில்லை. ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது. ஃபில்டரை மாற்றினாள், ஃபர்னஸை அணைத்து மறுபடி போட்டாள். பலனில்லை. ரிப்பேர் கடைக்காரர்கள் நாளை சாயங்காலம்தான் வர முடியும் என்றார்கள். அதற்குள் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடும்.

பக்கத்து வீட்டு கோர்டியை அழைத்தாள். அவன் டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"விசிறி ஓடுது. ஆனா பத்தவைக்கிற கம்பி சிவக்கவே மாட்டேங்குது. இந்தக் குட்டி ஸ்விட்ச்தான் மறிக்குது. ஒரு துண்டு ஒயர் இருந்தா குடு, இதைத் தாண்டி இணைச்சு விட்டுடறேன்."

"அந்த ஸ்விட்ச் எதுக்கு இருக்கு?"

"புகை ஒழுங்கா வெளிய போகுதான்னு பாக்க."

"அப்ப போகலைன்னுதானே சொல்லுது?"

"கிழட்டு ஸ்விட்ச், வெர்னா. நம்மள மாதிரி பழுதாயிருக்கும்."

"பஸ்ஸுல பிரேக் கோளாறுன்னு விளக்கு எரிஞ்சா நான் பல்பைக் கழட்டிட்டு ஓட்டினதில்ல. வா, முதல்ல வெளிய போய்ப் பாப்போம்."

ஃபர்னஸுக்குக் காற்று வரவும் புகை வெளியேறவும் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் குழாய்களைப் பனி மூடவில்லை. 'அப்புறம் என்ன கோளாறு?' என்று குனிந்து விரலை விட்டாள். கம்பளி தட்டுப்பட்டது. இழுத்தாள். ஓரினின் சாக்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பின்னாலேயே பாத்திரம் துடைக்கும் துணியும். இரண்டு குழாய்களிலும் இதே கதை.

கோர்டியின் முகம் வெளுத்தது. "நான் மட்டும் அந்த ஒயரை மாட்டியிருந்தா... புகையெல்லாம் வீட்டுக்குள்ளதான் வந்திருக்கும். நீங்க ரெண்டு பேரும்..."

"விடு, கோர்டி."

துணிகளை எடுத்ததும் ஃபர்னஸ் முதல் தடவையிலேயே பற்றியது. நீலத் தீ சீராக எரிந்தது. வெர்னா அந்தச் சாக்ஸ்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். இந்தக் குளிரில் ஓரின் எப்போது வெளியே போனான்? அவளுக்குத் தெரியாமல் எவ்வளவு நேரம் நின்றான்?

மேலே வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். "குழாயை நீதான் அடைச்சியா?"

"அது வழியாத்தான் குளிர் வருது," என்றான், சுரங்கத்தில் ஆட்களுக்கு வேலை சொன்ன அதே உறுதியோடு. "நீ ராத்திரியெல்லாம் நடுங்கினே."

கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. அவன் கோட்டைக் கழற்றி மாட்டினாள். பிறகு மகளுக்குப் போன் செய்தாள்.

"கார்லா, இத்தனை நாளா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். அப்பா நல்லா இல்ல. என்னால தனியா முடியலடி."

"எனக்குத் தெரியும்மா," என்றாள் கார்லா. "நீயா சொல்லுவேன்னுதான் காத்திருந்தேன். கிளம்பி வரேன்."

கார்லா வந்து, அப்பா வெளியே போனால் தெரியட்டும் என்று கதவுகளுக்கெல்லாம் மணி கட்டினாள். கொஞ்ச காலம் அப்படியே சமாளித்தார்கள். ஏரிகளில் பனி உருகத் தொடங்கிய நாட்களில், ஓரின் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டு மறந்தான். ஒருநாள் வெர்னாவையே திருடி என்று பிடித்துத் தள்ளினான். அதன்பின் பக்கத்து ஊர்ப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

சேர்த்த அன்று அவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். அவள் கூப்பிட்டும் திரும்பவில்லை. வெர்னா வெளியே வந்து காரில் ஏறினாள். சாவியைப் போட்டாள். வண்டியைக் கிளப்ப அவளுக்கு வெகுநேரம் மனம் வரவில்லை.