எர்த் கோளாறு

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குப் பூண்டு உரிப்பது அசரியாவின் வேலை. பேஸ் கிட்டார் கம்பியை அழுத்தி அழுத்தி விரல்நுனி காய்த்துப்போனவருக்குப் பூண்டு எரியாது என்பது கல்யாணமான புதிதிலேயே ஈவ்லின் கண்டுபிடித்தது. மருமகனின் சங்கீதத்தால் வீட்டுக்குக் கிடைத்த பலன் அது ஒன்றுதான் என்பது அவள் அம்மா ரத்தினபாயின் கட்சி.

இன்று பூண்டு மெதுவாகத்தான் உரிபட்டது. அசரியாவின் காது ஹாலில் இருந்தது. காலை ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து மாமியார் அவர் வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அசரியா பேஸுக்கு வந்ததே போட்டியில்லாததால்தான். பல்லாவரத்தில் சர்ச் பாடகர் குழுவில் கிட்டாருக்கு அடிதடி. பேஸ் மட்டும் சுவரோரம் சாத்திக் கிடந்தது. பிறகு வெள்ளிக்கிழமைச் சந்தையில், ஓட்டை மிக்ஸிகளுக்கு நடுவே ஒரு ஜாஸ் கேசட் அகப்பட்டது. வீட்டு டேப்ரெக்கார்டரிலோ பெல்ட் தளர்ந்திருந்தது. யாரோ ஒரு அமெரிக்கர் துள்ளிக்கொண்டு வாசித்ததெல்லாம், பிரியாணி சாப்பிட்டவன் நடப்பதுபோல அசைந்து அசைந்து வந்தது. அசரியா அதை அப்படியே கற்றுக்கொண்டார். பின்னாளில் செனகல் மேளக்காரர், பிரெஞ்சு அக்கார்டியன்காரர் என்று பலரோடு மேடையேறியபோது, அவசரமே தெரியாத கை என்று வெளியூர்ப் பத்திரிகைகள் கொண்டாடியது அந்தத் தளர்ந்த பெல்ட்டைத்தான்.

ரத்தினபாயிடம் அதெல்லாம் எடுபடவில்லை. தாம்பரம் சர்ச்சில் கேட்காதது அவருக்குச் சங்கீதமே இல்லை. அதனால்தான் அந்தச் சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு வாசிக்கக் கூப்பிட்டதும், கையிலிருந்த பெங்களூர் கச்சேரியை விட்டுவிட்டு ஒப்புக்கொண்டார் அசரியா. இன்று காலை மாமியார் முதல் வரிசையில். இவர் கண்ணை மூடி, உயிரைக் கொடுத்து வாசித்தார்.

இப்போது வீட்டு வாசலில் ஷெர்வின். வாரமெல்லாம் பேங்கில் லோன் பார்ப்பவன், ஞாயிறானால் சர்ச் மைக்செட்டுக்குப் பொறுப்பு. ஆராதனைக்குப் பிறகு காணிக்கைக் காய்கறிகளுக்கு நடந்த ஏலத்தில் ரத்தினபாய் எடுத்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டான்.

"காலைல பேஜாராயிடுச்சு அங்கிள். பாட்டு ஆரம்பிச்சதும் ஸ்பீக்கர்ல ஒரே 'ம்ம்ம்'னு இரைச்சல். எர்த் கோளாறுன்னு ஒவ்வொரு லைனா சவுண்டை இறக்கிப் பாத்தேன். நாலாவதை இறக்கினேன், கப்புனு நின்னுச்சு. அப்படியே விட்டுட்டேன்."

நாலாவதில் தன் ஒயரைச் செருகியது அசரியாவேதான். காலடியில் வைத்திருந்த குட்டி ஸ்பீக்கரில் அவருக்கு மட்டும் கடைசிவரை கேட்டிருக்கிறது. ஈவ்லின் அவசரமாக அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. காபி வேண்டாமென்று ஷெர்வின் கிளம்பினான்.

பூசணிக்காயைத் தட்டிப் பார்க்க ரத்தினபாய் உள்ளே வந்தார்.

"மாப்பிள்ளை, நான் என்னமோன்னு இருந்தேன். இன்னிக்கு நீங்க வாசிச்சதுல கீர்த்தனையில ஒரு வார்த்தைகூட அமுங்கலை. தொந்தரவே இல்லாத கை. எப்பவும் இப்படித்தான் வாசிப்பீங்களா?"

அசரியா ஏற்கெனவே உரித்த பூண்டுப் பல்லை மறுபடி உரித்துக்கொண்டிருந்தார்.

ரத்தினபாய் பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனார்.