விடாமல் ஓடிய இணைப்பு

போன் லைன் வழியாகவே இன்டர்நெட் வந்த டயல்-அப் காலம். துறைமுகத்தை ஒட்டி, சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில், எல்லாக் கணினிகளுக்கும் இணைப்பு தரும் லினக்ஸ் கணினியைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். யாரும் பயன்படுத்தாவிட்டால் இணைப்பு தானாக அறுந்துவிட வேண்டும். அறுபடவே இல்லை. அங்கிருந்த ஒரே போனும் நாள் முழுக்க எங்கேஜ்டு.

மோடத்தைக்கூட மாற்றிப் பார்த்தேன். கடைசியில்தான் தெரிந்தது, டைப்பிஸ்ட் பிலோமி அக்காவின் கணினி நிமிடத்துக்கொரு தடவை மெயில் வந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருந்தது.

"எங்க வீட்டுக்காரவ கப்பலேறிப் போனாவ, ஒரு சேதியும் இல்ல தம்பி. மெயில் வந்தா உடனே தெரியட்டும்னு நாந்தான் அப்படி வச்சேன்" என்றார்.

அதை நிறுத்தினேன். அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் இணைப்பு தானாகவே அறுந்தது. அன்று மதியமே போன் அடித்தது.

"ஆப்பிரிக்காவுல டர்பன் துறைமுகத்துல இருந்து பேசுதேன். நாலஞ்சு நாளா அடிக்கேன், லைனே கெடைக்கல. பிலோமி இருக்காளா?"

ரிசீவரை அக்காவிடம் நீட்டினேன்.

இப்போதும் ஏதாவது இணைப்பு விடாமல் ஓடினால், யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.