உரிகிற தோல்

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அங்கே மணவாளனின் பெண்சாதி செல்லியம்மாளுக்கு அந்த ஐப்பசியில் ஒரே கவலைதான். பாடு பிரிக்கிற நாளுக்குள் புருஷன் இடுப்பில் இருக்கிற வட்டங்கள் மறைந்தாக வேண்டும்.

ஏரியில் இறால் ஓடும் இடங்களில் யார் எந்த நாள் வலை போடுவது என்று குடும்பங்களுக்குள் முறை வைத்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரம் திறந்து இறால் ஏறுகிற காலத்தில் முறை தவறினால், சுற்று முடிந்து மறுபடி வரும்வரை கரையில் கிடக்க வேண்டியதுதான். அந்த வருஷம் வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம்.

வட்டங்கள் வெறும் படர்தாமரைதான். நாள் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவன், ஈரக் கோவணத்தோடு வீட்டுக்கு வந்து அப்படியே படுத்துவிடுகிறவன், அவனுக்கு அது வந்ததில் அதிசயமில்லை. ஆனால் குப்பத்தில் அதைப் பெரிய வியாதி, குஷ்டம் என்று பேசிக்கொண்டார்கள். படகில் அவன் உட்கார்ந்த பலகையில் பிறகு ஒருத்தரும் உட்காரவில்லை. இது மறையாவிட்டால் பாட்டு முறையில் அவனைச் சேர்க்க மாட்டார்கள்.

செல்லியம்மாள் முதலில் செய்தது வலைக்குச் செய்கிற வைத்தியம். நூல்வலை உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க மரப்பட்டையைக் காய்ச்சி, அந்தச் சாற்றில் ஊறவைப்பார்கள். நூலைக் காப்பாற்றுகிறது தோலைக் காப்பாற்றாதா என்று எண்ணி, அதையே சூட்டோடு புருஷன் இடுப்பில் ஒத்தி எடுத்தாள். தோல் செருப்பு மாதிரி இறுகி வெடித்தது. வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டபோது மணவாளன் பல்லைக் கடித்துக்கொண்டு வலை இழுத்தான்.

புதுவாயலில் லாரி செட்டில் வேலை செய்யும் அவள் தம்பி சேகர், அங்கே ஒரு மருந்துக்கடையில் சொல்லி ஒரு டியூப் வாங்கி வந்தான். வெள்ளைக் களிம்பு. போட்ட மறுநாளே அரிப்பு நின்றது, சிவப்பு மங்கியது. அவள் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினாள். டியூப்பை நிறுத்தியதும் வியாதி திரும்பி வந்தது. இந்த முறை வட்டமாக இல்லை. வரம்பே தெரியாமல் தொடைக்கும் வயிற்றுக்கும் முதுகுக்கும், சொறிந்த கைக்கும் பரவியிருந்தது. மறுபடி போட்டாள், மறுபடி மங்கியது. இப்படியே பல தடவை. கடைசியில் அவள் முழங்கையிலும் வந்தது, இடுப்பில் தூக்கிவைத்திருந்த கைக்குழந்தையின் முதுகிலும் வந்தது. குழந்தைக்கும் அதையே தடவினாள். பிஞ்சுத்தோல் வெங்காயச் சருகு போலாகி, உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் புருஷனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

டாக்டரம்மா மணவாளனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் அங்கங்கே தொட்டுப் பார்த்தாள். தொட்ட இடமெல்லாம் அவன் சரியாகச் சொன்னான். உணர்ச்சி போகவில்லை, இது பெரிய வியாதி இல்லை என்றாள். டியூப்பைப் பார்த்ததும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. இது வேறு நோய்க்கு உள்ள மருந்து, அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும், காளானைக் கொல்லாது, அது அடியில் சுகமாக வளரும் என்று விளக்கினாள். பெரியவர்களுக்குப் பழுப்புக் களிம்பு ஒரு டப்பாவில் கொடுத்தாள். அதைக் குழந்தைக்குத் தொடவே கூடாது என்று சொல்லி, காரம் குறைந்ததை வேறு டப்பாவில் தந்தாள். மணவாளனுக்கு மட்டும் மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு. பால் கொடுக்கிறவள் அதை விழுங்கக் கூடாது. கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைத்து, தடிப்பின் ஓரத்தையும் தாண்டி மெல்லிசாகப் பூச வேண்டும். புண்ணான இடத்தில் போடக் கூடாது. அவரவர் துணி தனித்தனியாக வெயிலில் காய வேண்டும். தோல் உரியும், பயப்படாதே, கண்ணுக்கு மறைந்த பிறகும் சில வாரம் பூசு என்றாள்.

சொன்னபடியே தோல் உரிந்தது. மணவாளனின் வயிறும் தொடையும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தன. பார்ப்பதற்கு முன்னைவிட மோசம். விடிந்தால் பாடு பிரிக்கிற கூட்டம்.

"அந்த டியூப்ப எடு செல்லி," என்றான். "இன்னிக்கு ஒரு நாளு பூசினாலே செவப்பு அடங்கிடும். பாடு கையில வந்துடட்டும். அப்பால அந்தம்மா சொன்னதையே பூசிக்கிறேன்."

அவள் அதை எறியவில்லை. கூரையில் செருகித்தான் வைத்திருந்தாள். எடுத்து மூடியைத் திருகவும் செய்தாள். மிச்சம் ஒரு தடவைக்குப் போதும். பாயில் கிடந்த குழந்தை முதுகைத் தேய்த்துத் தேய்த்து அழுதது.

"எத்தினி வாட்டி மறைஞ்சிதுய்யா?" என்றாள். "மறைஞ்சி மறைஞ்சி இப்ப எங்க வந்து நிக்கிது பாரு."

"பாடு போனா கொயந்தைக்கு இன்னா ஊத்துவ?"

அவள் அழுதுகொண்டே டியூப்பை அடுப்புச் சாம்பலில் பிதுக்கினாள். அவன் அவளை அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கையிலிருந்தும் தோல் உதிர்ந்தது. கையை இறக்கிவிட்டு வெளியே போய்விட்டான்.

கூட்டத்தில் குப்பத்துக்குப் பெரியவரான தலையாரி தணிகாசலம் வேட்டியை விலக்கிக் காட்டச் சொன்னார். மணவாளன் காட்டினான். பெரிய வியாதி இல்லை என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னான்.

"சொல்லட்டும் நைனா," என்றார் தணிகாசலம். "அந்தம்மாவா வந்து உங்கூட படகுல குந்திக்கினு வலை இஸ்க்கப் போவுது?"

கூட்டம் சிரித்தது. அவன் முறை வேறொரு குடும்பத்துத் துளசிராமனுக்குப் போனது.

திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றான். செல்லியம்மாள் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். உலையில் போட ஒரு பிடி நொய்தான் இருந்தது. ஏரிப்பக்கம் துளசிராமனின் ஆட்கள் படகைத் தள்ளும் சத்தம் கேட்டது. மணவாளன் அது அடங்கும்வரை அசையாமல் நின்றான். பிறகு வேட்டியை அவிழ்த்து அலசி, தனக்கென்று கட்டிய கயிற்றில் உதறிப் போட்டான். உடம்பைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரே முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"மொதல்ல கொயந்தைக்குப் பூசு," என்றான். "டப்பா மாறிடப் போவுது."

அவள் குழந்தையை மடியில் கவிழ்த்தாள். தடிப்பின் ஓரம் இன்னும் சிவந்துதான் இருந்தது. அந்த ஓரத்தையும் தாண்டி, மெல்லிசாகப் பூசினாள்.