நைட் ஷிஃப்டுக்கு ஒரு வேன் சாண்ட்விச்

"சுவாமி, நேத்து ராத்திரி எத்தனை பிளேட் போச்சு?" என்று பர்சனல் ஆபீசர் நரசிம்மன் என்னைக் கேட்டார்.

"இருபத்தேழு சார். அதுல பத்தொன்பது பாதி சாப்பிட்டு வெச்சது."

"நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். நூத்தி நாப்பது பேர் நைட் ஷிஃப்ட். இருபத்தேழு பிளேட்டுக்கு ஒரு கேண்டீனா? இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் பாகிலு ஹாக்கு, கதவைச் சாத்து. நீரும் வேற வேலை தேடிக்கலாம்."

மாநிலத்துக்குக் கர்நாடகா என்று பெயர் மாறி, ஆபீஸ் போர்டுகளில் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்த சமயம் அது. மைசூரை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் நான் கேண்டீன் சூப்பர்வைசர். புரொபேஷனில் ஒரு மாதம் பாக்கி. கல்யாணமாகி நான்கு மாதம். வாடகை வீட்டின் ஓட்டில் ஆறு இடத்தில் ஒழுகல். இதையெல்லாம் நரசிம்மனிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். "நான் கேட்டதுக்கு மட்டும்" என்பார்.

இரவுப் பலகாரம் காராபாத், நம்மூர் ரவா உப்புமாதான். மாலை ஐந்துக்குக் கிளறி இரவு ஒன்றுக்குப் பரிமாறினால் அது கரண்டியோடு சேர்ந்து எழுந்து வரும். சுடச்சுட உடனே செய்யக்கூடியதாக என்ன இருக்கிறது என்று விடிய விடிய யோசித்தபோது சின்னத்தம்பியின் வேன் நினைவுக்கு வந்தது.

வேன்

நான் காலேஜில் படித்த காலத்தில், ஹாஸ்டலுக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு பழைய வேன் நிற்கும். ராமாபுரத்துக்காரர் சின்னத்தம்பி அதன் பக்கவாட்டுக் கதவைத் தூக்கிக் கட்டி, இரவு பத்துக்கு மேல் சாண்ட்விச் போடுவார். இரண்டு துண்டு ரொட்டி, உள்ளே பல்யா என்கிற உருளைக்கிழங்கு மசாலா, வெங்காயம், பச்சைச் சட்னி, வெளியே வெண்ணெய். இரும்புக் கிடுக்கியில் வைத்து ஸ்டவ்மேல் புரட்டுவார். இந்தப் பக்கம் பன்னிரண்டு எண்ணிக்கை, அந்தப் பக்கம் பத்து. எண்ணியது நான்தான்; அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்.

வேனுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார். அதற்கடியில் பழைய படம் ஒன்று, வீணையோடு ஒரு அம்மாள், மங்கலாகத் தெரியும். "சாண்ட்விச் தேவி" என்று பையன்கள் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு வந்து அந்தச் சாண்ட்விச்சைக் கடித்தால் உருளைக்கிழங்குக்கும் அப்பால் ஒரு வாசனை தொண்டையில் நிற்கும். ஏலக்காய் என்றான் ஒருவன். கசகசா என்றான் இன்னொருவன். சின்னத்தம்பியைக் கேட்டால் சிரிப்பார்.

அதையே தொழிற்சாலையில் செய்தேன். அதே பல்யா, அதே சட்னி, பன்னிரண்டு, பத்து. முதல் சாண்ட்விச்சை மெஷின் ஷாப் ஃபோர்மேன் மாதப்பாவிடம் நீட்டினேன். அவர் சாப்பிட்டால் மற்றவர்களும் சாப்பிடுவார்கள். கொள்ளேகால் பக்கத்து ஆள், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"ஏனுங்க சார், பிரெட்டு காச்சக்காரனுக்குக் குடுக்கறதுங்க. எனக்குக் காச்சல் இல்லைங்களே" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

மிஞ்சியதை நானே கடித்தேன். பல்யா இருந்தது, சட்னி இருந்தது, அந்த வாசனை மட்டும் இல்லை.

ஏலக்காய் போட்டேன், பாயசத்தில் விழுந்த போண்டாவாயிற்று. கசகசா போட்டேன், இரண்டு பேர் மெஷின் பக்கத்திலேயே கொட்டாவி விட்டதாகப் புகார் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராமாபுரம் போனேன். சின்னத்தம்பி வேனை விற்றுவிட்டுச் சோளக்காட்டில் நின்றார்.

"நானென்னத்தைங்க போட்டேன், கையில கெடச்சதப் போட்டேன்" என்றார். "நீங்கெல்லாம் பசியில வந்தீங்க. பசிக்குக் கல்லும் ருசிக்குமுங்க."

அதையும் சோதித்தேன். மறுநாள் காலையிலிருந்து பட்டினி கிடந்து இரவு ஒரு மணிக்கு ஒரு சாண்ட்விச் தின்றேன். பசி தீர்ந்தது. ருசி வரவில்லை. கூடுதலாகத் தலைவலி வந்தது.

ஒரே பை

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை தேவராஜ மார்க்கெட்டில் சாமான் வாங்கிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பையைப் பிரித்த என் மனைவி கமலா கத்தினாள்.

"யாராவது ஊதுபத்தியையும் ரொட்டியையும் ஒரே பையில போடுவாங்களா? இதை இப்ப சாமிக்குக் காட்டறதா, ஜாமுக்குக் காட்டறதா?"

"கொண்டா, நான் தின்னுத் தொலைக்கிறேன்" என்று ஒரு துண்டைக் கடித்தேன். கடித்தபடியே நின்றுவிட்டேன். ஹாஸ்டல், புளியமரம், ஸ்டவ் சத்தம், எல்லாம் வாய்க்குள் வந்துவிட்டன.

வீணை வைத்த அம்மாள் யாரென்று அப்போதுதான் புரிந்தது. ஊதுபத்திக் கட்டின் மேல் அப்படிப்பட்ட அம்மாள்கள்தான் இருப்பார்கள். சின்னத்தம்பி வாங்கியது ஒரு ஊதுபத்திக் கம்பெனியின் பழைய டெலிவரி வேன். வருஷக்கணக்கில் மல்லிகை ஊதுபத்தி ஏறி இறங்கிய பலகைகள். அதில் நாள் முழுக்க அடுக்கிக் கிடந்த ரொட்டி வேறு எப்படி இருக்கும்?

"கமலா, இன்னும் பத்துக் கட்டு ஊதுபத்தி வேணும்."

"எதுக்கு?"

"கேண்டீனுக்கு."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் ரொட்டி டின்னில் ஊதுபத்திக் கட்டுகளை வைத்து மூடினேன். இரவு ஒரு மணிக்கு மாதப்பா வந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மூக்கு முந்திக்கொண்டது. சட்டென்று செருப்பைக் கழற்றினார். சாண்ட்விச்சை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எந்தக் கோயில் பிரசாதமுங்க சார்?"

"கோயில் இல்லை மாதப்பா. ஊதுபத்தியோட வெச்ச ரொட்டி."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சாமி ரூம்ல இருந்துட்டு வந்த மாதிரிதானுங்களே" என்று சொல்லிவிட்டு, பின்னால் திரும்பி அதட்டினார். "ஏய், செருப்பக் கழட்டுங்கடா! ஒருத்தனும் கீழ சிந்தக் கூடாது!"

நூற்று நாற்பது பேரும் வரிசையில் நின்றார்கள். திரும்பி வந்த தட்டுகளை எண்ணினேன். ஒன்றில்கூட ஒரு துணுக்கு மிச்சமில்லை. பிரசாதத்தை யார் மிச்சம் வைப்பார்கள்? பதினோரு பேர் வீட்டுக்கு ஒன்று காகிதத்தில் மடித்து வாங்கிப் போனார்கள்.

மாதக் கடைசி இரவில் நரசிம்மன் தானே பார்க்க வந்தார். டக்டக்கென்று உள்ளே நுழைந்தார்.

"சார், ஷூ!" என்று மாதப்பா போட்ட சத்தத்தில் கேண்டீனே திரும்பியது. நரசிம்மன் குனிந்து ஷூவைக் கழற்றினார். இடது சாக்ஸில் கட்டைவிரல் முழுசாக வெளியே இருந்தது. அவர் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். விரலை நக்கியபடி, "சரி, நீர் கன்ஃபர்ம். காராபாத்தை மட்டும் இனிமே என் கண்ணுல காட்டாதேயும்" என்றார்.

புதிதாகக் கேண்டீன் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய ருசி வேண்டுமென்றால் உள்ளே போட்ட சாமானை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அது எதில் ஏறி வந்தது என்றும் பாருங்கள். எனக்கு இது தெரிய ஒரு பட்டினியும் ஒரு பஸ் பயணமும் தேவைப்பட்டன.

இப்போது மைசூர் விஜயநகரில் வீடு. ஒழுகல் ஓரிடத்தில்தான். தினமும் மாலை ஆறுக்குக் கமலா விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்துகிறாள். நானும் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொள்கிறேன். என் பக்தியைப் பற்றி அக்கம்பக்கத்தில் நல்ல பேச்சு.

எனக்குப் பசிக்கிறது, அவ்வளவுதான்.