கதவைச் சாத்திய தாத்தா

மூன்றாவது வீட்டுத் தாத்தா சாகும்வரை மருமகளோடு சண்டை போட்டார் என்று தெருவில் பேச்சு. நாள் முழுக்கக் கதவை அறைந்து சாத்துவாராம். வம்பென்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது. துக்கம் கேட்கிற சாக்கில் போனேன்.

“சண்டையா? கார் கம்பெனியில கதவைச் சாத்திச் சாத்திச் சத்தம் பாக்கிறதுதாங்க மாமாவுக்கு வேலை. ரிட்டையர் ஆனதும் எங்க வீட்டுக் கதவுங்க மாட்டிக்கிச்சு,” என்று சிரித்தபடியே மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேத்தியின் தூக்கம் கலையக் கூடாதென்று ஒவ்வொரு கதவுக்கும் ரப்பர் ஒட்டிச் சாத்திப் பார்த்திருக்கிறார்.

நானும் சாத்திப் பார்த்தேன். பூனை நடந்த மாதிரி இருந்தது. பேத்தியின் அலமாரி மட்டும் படாரென்றது. சத்தம் கேட்டுப் பேத்தி ஓடிவந்தாள்.

“நான் வேணா ரப்பர் ஒட்டித் தரட்டுமா பாப்பா?”

“தொடாதீங்க! தாத்தாதான் ஒட்டணும். அது அவரு பாக்கி.”