தம்பி அனுப்பிய சிவப்பு வைன்

கொழும்புத்துறைத் தவறணைக்கு வரும் கள்ளை ஒரு வாய் சுவைத்துத் துப்பி, புளித்திருந்தால் திருப்பி அனுப்புவதுதான் அப்போது என் வேலை. சுவிஸில் இருந்த தம்பி, ஊருக்கு வந்த நண்பரிடம் ஒரு போத்தல் சிவப்பு வைன் கொடுத்துவிட்டிருந்தான். வாயில் வைத்ததும் துப்பினேன். ஒரே புளிப்பு, துவர்ப்பு.

“வழியிலை வெக்கைக்குப் பழுதாய்ப் போச்சு” என்று வாழையடியில் கவிழ்த்தேன்.

நண்பர் பதறினார். “ஐயோ அண்ணை, உங்கடை தம்பி தன்ரை கையாலை கொடியிலை பிடுங்கின முந்திரிகைப்பழத்திலை செய்த வைன் அது. அவன் இன்னும் குடிச்சுப் பாக்கேல்லை. முதல்லை அண்ணை சொல்லட்டும் எண்டவன்.”

போத்தலின் அடியில் ஒரு மிடறு மிஞ்சியிருந்தது. அதைத் துப்பாமல் மெதுவாக விழுங்கினேன். புளிப்பு அடங்கியபின் நாவற்பழ வாசம் எழுந்தது.

அந்த வாசத்தை மட்டும் தம்பிக்கு எழுதினேன். கவிழ்த்ததை இன்றுதான் சொல்கிறேன். அதன்பிறகு எதையும் விழுங்கிய பின்புதான் வாய் திறக்கிறேன்.