எட்டுப் பரப்புக்கு ஒரு பட்டம்

புவியியலும் வரைபடக்கலையும் படிக்க எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, அதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்த்து எழுதியவளும் நான்தான். எண்பத்தைந்தாம் ஆண்டு. நீர்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அப்பாவும் அவருடைய அக்காவும் இருந்தார்கள். எனக்கு அவர் மாமி. இரண்டு மகன்கள் ஜெர்மனியில் இருந்ததால், எங்கள் சுற்றத்தில் கையில் காசு புழங்கிய ஒரே ஆள் அவர்தான்.

படிப்பு இலவசம். அறை வாடகை, சாப்பாடு, சைக்கிள், வரைகருவிகள் எதுவும் இலவசமில்லை. அப்பாவின் வாழைக்குலைகள் கொழும்புக்குப் போவது குறைந்து, உள்ளூர்ச் சந்தையில் கேட்ட விலைக்குப் போய்க்கொண்டிருந்தன.

"எத்தினை வருசம் படிப்பு?" என்று மாமி கேட்டார்.

"நாலு வருசம் மாமி. பிறகு கொழும்பிலை படம் கீறுற அரசாங்க வேலை எடுக்கலாம்."

"சம்பளம் எவ்வளவு வரும்?"

எனக்குத் தெரியாது. யாரோ ஒரு மூத்த மாணவி சொன்ன தொகையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அந்தப் பொய்யை வைத்துத்தான் அப்பா கணக்கை முடித்தார். வேலை கிடைத்து இரண்டு வருடத்தில் முதலும் வட்டியும் தீர்ந்துவிடும் என்றார்.

"குடுக்கிறன் தம்பி. ஆனா சும்மா தரேலாது. பெடியள் பனிக்குள்ளை நிண்டு உழைச்ச காசு."

ஈடாக மாமி கேட்டது அம்மாவின் சீதனக் காணி. எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், கிணற்றோடு சேர்ந்த வாழைத்தோட்டம். பின்னாளில் எனக்குச் சீதனமாக வரவேண்டியது. அம்மா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலு வருடப் படிப்பு ஏழு வருடமானது. வளாகத்தை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். மூடியிருந்த மாதங்களுக்கும் வட்டி ஓடியது. இந்திய இராணுவம் இருந்த காலத்தில், எங்கள் ஊர்க் கிணறுகளையெல்லாம் குறித்து, எது நன்னீர், எது உவர் என்று நிறம் பிரித்துப் பட்டத்துக்காக ஒரு படம் வரைந்தேன். எட்டு மாத வேலை. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனபோது காவலரணில் மறித்தார்கள். கிணறுகளைக் குறித்த சிறு வட்டங்களைக் காட்டிக் காட்டி என்னவோ கேட்டார்கள். "கிணறு, கிணறு" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். பின்னேரம் வரை வெயிலில் இருத்தி வைத்தார்கள். அப்பா வந்து கும்பிட்டுக் கூட்டிப் போனார். படத்தை என் கண்முன்னாலேயே எரித்தார்கள். மறுபடி வரைய இன்னும் ஒரு வருடம், அதற்கு மாமியிடம் இன்னொரு கைமாற்று.

பட்டம் வந்தது. கொழும்பிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு ஒரு கடிதமும் வந்தது. தேர்வு நடந்து பத்தொன்பது நாள் கழித்து.

"திரும்ப எழுதிப் பார் பிள்ளை," என்றார் அப்பா. எழுதினேன். பதில் இல்லை.

கடைசியில் சாவகச்சேரியில், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சேவையரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் காணி அளந்து வருவார், நான் படம் கீறுவேன். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கூலி. வெளிநாடு போவதற்காகச் சனம் காணி விற்றுக்கொண்டிருந்ததால் வேலைக்குக் குறைவில்லை. முதல் மாதக் காசை அப்படியே மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார்.

"இது வட்டிக்கும் காணாது பிள்ளை."

அந்த வருடம் மானிப்பாயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் என் பட்டத்தைப் பற்றி மரியாதையாக விசாரித்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"படிப்பு இருக்கட்டும். காணி என்ன மாதிரி?"

"ஈட்டிலை கிடக்கு," என்றார் அப்பா. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

தொண்ணூற்று நாலில் மாமி காணியை அறுதியாகவே எழுதித் தரச் சொன்னார். வட்டி முதலைத் தாண்டிவிட்டது, மகன்மாரும் கேட்கிறார்கள் என்றார். அப்பா தலையைக் குனிந்தபடி சரி என்றார். உறுதிப் பத்திரம் எழுதக் காணிப்படம் வேண்டும்.

"எங்கடை பிள்ளை கீறுறவள்தானே," என்றார் மாமி. "பிறகென்னத்துக்கு வெளியிலை காசு குடுக்கவேணும்? சேவையர் கையெழுத்து மட்டும் வைக்கட்டும்."

சேவையர் அளந்தார். சங்கிலியின் மற்ற நுனியை நான் பிடித்தேன். கிணற்றையும், பங்கு வாய்க்காலையும், கிழக்கு வேலியையும் கோடு பிசகாமல் கீறினேன். பிழையாகக் கீறலாமா என்று ஒருகணம் நினைத்தேன். கை சம்மதிக்கவில்லை. ஏழு வருடம் படித்ததில் கைக்கு வந்தது அது ஒன்றுதான்.

உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டில் கையெழுத்து வைக்குமுன் அம்மா அந்தப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீ கீறினதோ?"

"ஓம் அம்மா."

"வடிவாக் கீறியிருக்கிறாய்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார். அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. அன்று குத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் இராணுவம் நெருங்கி வர, ஊரோடு ஊராக எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தோம். மழைக்குள், மாமியை நானும் அப்பாவும் மாறி மாறிக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தோம். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பம். சோற்றுக்கு வரிசையில் நின்றபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெண் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் மாமி முந்திக்கொண்டார்.

"என்ரை தம்பியின்ரை மகள். பட்டதாரி. நான்தான் இவளைப் படிப்பிச்சு ஆளாக்கினனான்."

அவர் முகத்தில் உண்மையான பெருமை இருந்தது. அப்பா அதைக் கேட்டார். சோற்றுக் கோப்பையை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் நகர்ந்தார்.